மாடியேறிய நூலகம்

ஜூன் 4, ஞாயிறு

காலையில் வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நூலகர் தேவகிருபை வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காராமலே, "மேடம், நீங்க ஒரு காரியத்துக்குத் தலைமை ஏத்துக்கணும்" என்றாள்.

எங்கள் ஆலடிப்பேட்டை நூலகம் பஸ் ஸ்டாண்டு வணிக வளாகத்தின் மாடியில் இருக்கிறது. ஏற முப்பத்திரண்டு படி. சாரல் தொடங்கினால் கூரை ஒழுகும். இப்போது மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பேரூராட்சி ஒதுக்கிய எட்டு சென்ட் நிலத்தில் புதுக் கட்டடம் கட்டலாம். ஆகஸ்ட் 31க்குள் ஊர் மக்கள் பத்து லட்சம் திரட்டிச் செலுத்தினால் மீதியை அரசு போடும். இல்லாவிட்டால் பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தாலுகா நூலகத்தோடு இதைச் சேர்த்துவிடுவார்கள்.

"ஊர்ல நாலு பேர் முன்ன நின்னாத்தான் நடக்கும். வியாபாரிகள் சங்கத்துல பொன்னுலிங்கம் அண்ணாச்சி சரின்னுட்டாங்க. ஜமாஅத் செயலாளர் மைதீன் பிச்சை பாயும் சரின்னுட்டாங்க. பீடித் தொழிலாளர் சங்கத்துல மாடத்தியக்கா வாரேன்னு சொல்லிருக்காங்க."

"தலைமைக்கு ஏன் நான்?"

"நீங்கதான் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

சரி என்றேன். இந்த ஊரின் பேரூராட்சித் தலைவராக ஐந்து வருஷம் இருந்தவள். வேறு யாரைக் கேட்பாள்?

அவள் போனபிறகு என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்தார். "யோசிச்சுச் சொல்லிருக்கலாம், உலகு."

"யோசிச்சுத்தான் சொன்னேன்."

துவைக்கிற மெஷின் தண்ணீரை எடுக்கிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

முதல் கூட்டம், நூலகத்திலேயே. எழுபது தாண்டிய பிச்சை பாய் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "நான் இங்ஙனயே இருக்கேன், தீர்மானத்தைக் கீழ அனுப்புங்க" என்று சிரித்தார். அண்ணாச்சி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்.

உள்ளே அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர், ஒழுகாத மூலையாகப் பார்த்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி மாடத்தியின் மகள். மாடத்திக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சில் வளைவு கிடையாது. வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்ன கீழ, ரோட்டு மேலதானே லைப்ரரி இருந்துச்சு? முன்னால வேப்பமரம்கூட நின்னுச்சே. அந்த லைப்ரரி ஏன் போச்சு?" என்று கேட்டாள்.

நான் தீர்மானப் புத்தகத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். "நடந்ததைப் பேசி நேரம் போக்க வேண்டாம், எந்தத் தெருவுக்கு யார் போறதுன்னு பிரிப்போம்" என்றேன். பிரித்தோம். ரசீதுப் புத்தகம் அச்சடிக்க அண்ணாச்சி பொறுப்பு. முதல் ரசீது என் பெயரில்.

ஒரு மணி நேரத்தில் கூட்டத்தை முடித்தேன். பழக்கம் விட்டுப்போகவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

நானும் அண்ணாச்சியும் கடைத்தெரு. அண்ணாச்சி எந்தக் கடையிலும் நேரே கேட்பதில்லை. முதலில் அந்த வீட்டுக் கல்யாணம், வயிற்றுவலி எல்லாம் விசாரிப்பார். கிளம்பப் போகிறவர் மாதிரி ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி, "ஆமா, லைப்ரரிக்கு உம்ம பேருல என்ன எழுத?" என்பார். இல்லை என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

எனக்கு அப்படி வராது. நான் நின்ற இடத்திலேயே கேட்டேன். எனக்கும் கொடுத்தார்கள். "சேர்மன் அம்மா கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா?" என்கிறார்கள். பதவி போய்ப் பதினேழு வருஷமாகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 25, ஞாயிறு

சாரல். மூன்று தெரு. இவருக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து.

ஜூலை 2, ஞாயிறு

மாடத்தி பீடிக் கடை வாசலில் சங்கத்துப் பெண்களைக் கூட்டினாள். இலையும் தூளும் வாங்க வந்தவர்கள், முந்நூற்று நாற்பது பேர். எல்லாரும் ஒரு நாள் கூலி தருவது என்று முடிவாயிற்று. ஒரு நாள் கூலி என்றால் ஆயிரம் பீடி சுற்ற வேண்டும்.

திரும்பும்போது நான் அவளைப் பாராட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "நான் சொன்னா கண்ணை மூடிக்கிட்டுத் தருவாங்கக்கா. அதனாலதான் ரெண்டு நாள் தூங்காம யோசிச்சேன். இதுல ஏதாவது கோளாறு வந்தா அவங்க முகத்துல நான் முழிக்கணும்."

"ஒரு கோளாறும் வராது" என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு வளாகத்தில் வசூல். கீழே பதினெட்டுக் கடை. செல்போன் கடைக்காரர், "இந்தக் காம்ப்ளெக்ஸைத் திறந்து வச்சதே நீங்கதானே மேடம்! கல்வெட்டுல பேர் இருக்கே" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். பிச்சை பாய் கல்வெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கல்வெட்டில் எழுத்துக்கு அடித்த கறுப்பு மை உதிர்ந்துவிட்டது. பேரூராட்சி கவனிக்க வேண்டும்.

இதுவரை ஆறு லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறது. இந்த வேகத்தில் போனால் கெடுவுக்கு இருபது நாள் முன்பே முடித்துவிடுவேன். முடித்துவிடுவோம்.

ஜூலை 16, ஞாயிறு

காலையில் பால்காரர் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறதாம். மேலே பெரிய எழுத்தில், "இடித்தவரே கட்டுகிறாராம்! பணம் கொடுத்தவர்களே, இதைப் பாருங்கள்!" அதன் கீழே 2004ஆம் வருஷத்து உத்தரவின் நகல். பழைய நூலகக் கட்டடத்தை இடித்து அந்த இடத்தில் வணிக வளாகம் கட்ட அனுமதி. ஒப்பம்: ச. உலகம்மாள், பேரூராட்சித் தலைவர்.

யார் அடித்தது என்று இவர் ஆள் விட்டு விசாரிக்கக் கிளம்பினார். வேண்டாம் என்றேன். யார் அடித்தால் என்ன, அதில் பொய் இல்லை.

மெஷின் ரிப்பேர் செய்பவர் இன்றைக்குத்தான் வந்தார். பெல்ட் அறுந்திருக்கிறதாம்.

ஜூலை 17, திங்கள்

மாடத்தி வந்தாள். வாசலிலேயே நின்றாள். நோட்டீஸை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"முதல் நாளே கேட்டேனே. பழைய லைப்ரரி ஏன் போச்சுன்னு வாய்விட்டுக் கேட்டேனே. அப்பம் ஏன் சொல்லல?"

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"முந்நூத்தி நாப்பது பொம்பளைங்ககிட்ட வாங்கிருக்கேன். இன்னைக்குக் கடைவாசல்ல ஒருத்தி, 'இடிச்ச அம்மாவுக்கா நம்ம கூலியைக் கொடுத்தே'ன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

"பணம் பத்திரமா பேங்க்ல இருக்கு மாடத்தி."

"நான் பணத்தைப் பத்தியா கேட்டேன்?"

போய்விட்டாள். இன்று ஒரு ரசீதுகூடக் கிழியவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

அண்ணாச்சியும் பிச்சை பாயும் வந்தார்கள். அண்ணாச்சி வழக்கம்போலச் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தார். "மதினி, ஊருக்கே தெரியும். அப்பம் எல்லாத்தையும் பாத்தது அண்ணன்தான். தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிட்டாங்கன்னு உங்களை நிறுத்துனாங்க, நீங்க கையெழுத்து மட்டும் போட்டீங்க. அதை ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது. ஜனங்க புரிஞ்சுக்கிடுவாங்க."

இவர் உள்ளேயிருந்து வந்தார். "நானும் அதைத்தான் சொல்லுதேன். என் மேல போட்டுரு. நான் நீட்டுன இடத்துல நீ போட்டே. இனிமே எனக்கு என்ன எலெக்‌ஷனா நிக்கப் போறேன்?"

மூன்று ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். இரக்கமாகத்தான் பார்த்தார்கள். யோசிக்கிறேன் என்றேன்.

பிச்சை பாய் செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்டார்: "அப்படித்தான் நடந்துச்சாம்மா?"

அதற்கும் யோசிக்கிறேன் என்றே சொன்னேன்.

ஜூலை 20, வியாழன்

இரண்டு நாளாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

அந்த ஐந்து வருஷத்தில் என் மேசைக்கு வந்த கோப்புகளை எல்லாம் இவர்தான் முதலில் பார்ப்பார். எங்கே பென்சில் புள்ளி வைத்திருக்கிறாரோ அங்கே நான் கையெழுத்துப் போடுவேன். அது உண்மை.

நூலகக் கோப்பில் புள்ளி இல்லை. "இதைத் தொடாதே உலகு, ஊர்ச் சாபம் வரும். அப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்.

அதற்கு முந்தின வாரம் மன்றக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், நான் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மாகிட்ட ஏன் கேக்கீங்க, அய்யாகிட்ட கேளுங்க, அம்மா சும்மா ரப்பர் ஸ்டாம்பு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவரும் சிரித்தார்.

அந்தக் கோப்பை மூன்று நாள் வைத்திருந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். வாசகர்கள் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டு, இடிக்க வேண்டாம் என்று கொடுத்த மனுவும் அதில் இருந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தேன். வளாகம் வந்தால் பேரூராட்சிக்கு வாடகை வரும், ஒரு வருஷத்தில் நூலகத்துக்கு வேறு இடம் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்வெட்டில் என் பெயர் வரும் என்பதையும் நினைத்தேன். மனுவை அடியில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இவரிடம் மறுநாள்தான் சொன்னேன். அன்று இவர் சாப்பிடவில்லை.

அந்த ஐந்து வருஷத்தில் நானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

இப்போது அதையும் இவர் எடுத்தது என்று சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் நூலகம் வந்துவிடும். சொல்லாவிட்டால் வராமலும் போகலாம். ஆனால் சொன்னால், மாடத்தியிடம் இரண்டாம் முறையும் மறைத்தவள் ஆவேன். தவிர, அந்த உறுப்பினர் சொன்னது சரி என்றும் ஆகிவிடும். இந்தக் காரணம் சுயநலமானது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, சனி

நூலகத்துக்குப் போய்த் தேவகிருபையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளை பொதுக்கூட்டம் போட்டு ஊரிடமும் சொல்லப்போகிறேன் என்றேன். அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியை மாற்றிக்கொண்டே, "தெரியும் மேடம்" என்றாள்.

"எப்படி?"

"அந்த நாப்பத்தோரு பேர்ல நானும் ஒருத்தி. அப்பம் காலேஜ்ல படிச்சேன். உங்க கையிலதான் மனுவைக் கொடுத்தோம். வாங்கி, அங்ஙனயே நின்னு படிச்சீங்க. படிக்காமப் போட்ட கையெழுத்துன்னு யார் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட வந்தே?"

"கோவம் இருந்துச்சு மேடம். பதினாலு மாசத்துல ஒரு கட்டடத்தை இடிச்சு இன்னொண்ணைக் கட்டித் திறந்தீங்க. இந்த ஊர்ல வேற யாரும் எதையும் அவ்வளவு வேகமா முடிச்சு நான் பாக்கல. எனக்கு லைப்ரரி வேணும். அதான் வந்தேன்."

வாளியை நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். கீழே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தோம்.

ஜூலை 23, ஞாயிறு

சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. வசூல் கூட்டத்துக்கு இப்படி ஒரு கூட்டம் வராது. நோட்டீஸுக்கு வந்த கூட்டம்.

அண்ணாச்சி மைக்கை என்னிடம் தரும்போது, "மதினி, சுருக்கமா, சொன்ன மாதிரி" என்றார். இவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் பேசியது இவ்வளவுதான்: "அந்தக் கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டதில்லை. யாரும் சொல்லிப் போட்டதில்லை. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், நாற்பத்தொரு பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதையும் படித்துவிட்டுப் போட்டேன். ஒரு வருஷத்தில் வேறு இடம் தந்துவிடலாம் என்று நினைத்தேன், தரவில்லை. பதினெட்டு வருஷமாக உங்கள் பிள்ளைகள் அந்தப் படிகளில் ஏறுவதற்குக் காரணம் நான். இதை ஜூன் மாதமே சொல்லியிருக்க வேண்டும். கேட்டபோதுகூட மறைத்தேன். தப்பு. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பவர்களுக்கு ரசீதைப் பார்த்து நாளையே கொடுத்துவிடுவோம்."

பின்னாலிருந்து ஒருவர், "இப்ப எதுக்கு இந்த நாடகம்?" என்று கத்தினார். இன்னொருவர் சிரித்தார். நாலைந்து பேர் எழுந்து போனார்கள். அண்ணாச்சியும் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காரவில்லை.

மாடத்தி எழுந்தாள். மைக் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"சொன்னீங்க, கேட்டுக்கிட்டோம். மன்னிக்கிறது மன்னிக்காதது அவங்கவங்க பாடு. எனக்கு இன்னும் கோவம் இருக்கு. ஆனா நாப்பது நாள்தான் இருக்கு. இனிமே நீங்க தலைமையில இருக்கக் கூடாது. வேலையை விட்டும் போகக் கூடாது. ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா நடக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

பிச்சை பாய் எழுந்து, "அப்பம் தலைமைக்கு மாடத்தி பேரை நான் முன்மொழியுதேன்" என்றார். தேவகிருபை வழிமொழிந்தாள். பீடிப் பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு அல்ல, மாடத்திக்கு.

ஜூலை 25, செவ்வாய்

பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் இருபத்தாறு பேர். பீடிப் பெண்களில் ஒருத்திகூட வரவில்லை.

இவர் என்னோடு பேசி இரண்டு நாளாகிறது. இன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் வேண்டாம்னு சொல்லியும் நீ செஞ்சேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"உங்க மேல தப்பு இல்லன்னும் தெரிஞ்சுபோச்சுல்லா?"

"தப்பு இருந்தாக்கூடப் பரவாயில்ல. டீக்கடையில, 'அப்பம் வீட்டுலயே உம்ம பேச்சு எடுபடலயா வே?'ன்னு கேக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மோர் ஊற்றினேன். அவருக்கும் ஏதோ அடக்குகிற மாதிரிதான் இருந்தது. மோரைக் குடித்தார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களைத் தேவகிருபை நினைவிலிருந்தும், பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டும் எழுதிக் கொடுத்தாள். ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள். பதினான்கு பேர் வெளியூர். மீதிப் பேர் வீட்டுக்கு நானே போகிறேன் என்று மாடத்தியிடம் கேட்டேன். "போங்க. ஆனா முதல்ல பணம் கேக்காதீங்க" என்றாள்.

இன்று ஐந்து வீடு. ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு அம்மா காபி கொடுத்து, அந்தப் பழைய கட்டடத்தில்தான் தன் மகன் படித்து ரயில்வே வேலைக்குப் போனதாகச் சொன்னார். கேட்காமலே தந்தார்.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற வன்னியபெருமாள் என்னைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தார். வெயிலில் கால் மணி நேரம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒரு ரூபா தர மாட்டேன்" என்றார்.

"சரிங்க."

"ஆனா அஸ்திவாரம் தோண்டுற நாள்ல இருந்து தினம் வந்து நிப்பேன். அளவுல ஒரு அங்குலம் குறைஞ்சா உங்களைச் சும்மா விட மாட்டேன்."

அவசியம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். குதிகால் வெடித்து எரிகிறது. தேங்காய் எண்ணெய் போட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஏழு வீடு. மூன்று பேர் தந்தார்கள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஒன்றரை லட்சம் குறைகிறது. கடைத்தெரு இன்னும் அசையவில்லை. மாடத்தி பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று பதினைந்து பெண்களோடு அண்ணாச்சியின் இரும்புக் கடைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். கடைசியில் நின்றேன்.

"அண்ணாச்சி, சேர்மன் அம்மா மேல உள்ள வருத்தத்தை என் மவ மேல ஏன் காட்டுதீங்க? அவ இந்த வருஷமும் அந்த ஒழுகுற மாடியிலதான் படிக்கா."

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் உங்களைக் காப்பாத்தத்தானே மதினி வழி சொன்னேன்? என்னைய மேடையில வச்சுக்கிட்டே அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களே" என்றார். அவருக்கு இருந்த வருத்தம் அதுதான்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க அண்ணாச்சி. முந்தின நாளே உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லத் தைரியம் வரல."

அண்ணாச்சி தராசை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு கடைப் பையனிடம் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டார். "வாங்க, காம்ப்ளெக்ஸ் கடையில இருந்து ஆரம்பிப்போம். லைப்ரரி இருந்த இடத்துலதானே உக்காந்து வியாபாரம் பண்ணுதானுவ."

இந்த முறை அவர் யார் வீட்டுக் கல்யாணத்தையும் விசாரிக்கவில்லை. நேராகவே கேட்டார்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பத்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம். மாடத்தி இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் தந்து, "நீங்களும் ஒரு தடவை கூட்டுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

காலை பஸ்ஸில் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். மாடத்தி, தேவகிருபை, பிச்சை பாய், அண்ணாச்சி, நான். அதிகாரி வரைவோலையை வாங்கிக்கொண்டு, "கடைசி நாள் வரைக்கும் இழுத்துட்டீங்களேம்மா" என்றார். "கொண்டாந்துட்டோம்ல சார்" என்றாள் மாடத்தி. அதிகாரி சிரித்துவிட்டார். அக்டோபரில் வேலை தொடங்க உத்தரவு வரும். எல்லாம் தரைத்தளம், ஒரு படிகூட இருக்கக் கூடாது என்று பிச்சை பாய் இரண்டு முறை சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாடத்திக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. மலைப் பக்கம் மேகம் கவிந்து, ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

"கோவம் போயிட்டான்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

"நீ சொல்லும்போது கேட்டுக்கிடுதேன்."

"பாதி போயிருக்கு."

எனக்குப் பாதியே பெரிதாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஊர் எல்லையில் இறங்கும்போது, "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்துருங்க. மூணு சூளைக்குப் போய்ச் செங்கல் பாக்கணும். நேரத்துக்கு வரணும், நான் காத்துக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றாள்.

எட்டே முக்காலுக்கே வந்துவிடுவேன் என்றேன். இப்போது உளுந்து ஊறப் போட்டாயிற்று. காலையில் சீக்கிரம் அரைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.